புது கேம்பர்வேன், ரெண்டு சின்னப் பிள்ளைகள்: முதலில் வீட்டு வாசலிலா, நேரே கொடைக்கானலா?

கோச்சடைக்காரன்:

வண்டி வந்துவிட்டது. டிராவலர் வேனில் கட்டிய கேம்பர்வேன். முன்னால் ரெண்டு சீட், அதற்குப் பின்னால் முன்பக்கம் பார்த்த ரெண்டு சீட், பக்கவாட்டில் ஒரு நீள பெஞ்ச் (ராத்திரி கட்டிலாக விரியும்), பின்பக்கம் மேல்தட்டுப் படுக்கை. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட்டில் 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி, கூரையில் 400 வாட் சோலார், ஒரு டன் ஏ.சி. மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2.

இந்த வாரக் கடைசியிலேயே கொடைக்கானல் போய்விட வேண்டும் என்பது என் ஆசை. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நம் வாசலிலேயே சில ராத்திரி படுப்போம், பிள்ளைகளுக்குப் பழகட்டும் என்கிறாள். என் அம்மாவோ, வீடு இருக்க வண்டியில் எதற்குப் படுக்கை என்று ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளோடு வண்டியில் தங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

தம்பி, யோசிக்காமல் கிளம்புங்கள். மே மாதம் மதுரையில் வாசலில் நிறுத்திய வேனுக்குள் பிள்ளையைப் படுக்கவைத்தால் அது வண்டியையே வெறுத்துவிடும். பகலெல்லாம் 40 டிகிரி வெயிலை வாங்கிய தகரம் நடு ராத்திரி வரைக்கும் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே ஏ.சி. என்ற பேச்சே கிடையாது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும். முதல் ராத்திரி பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்தால் அடுத்த தடவை அதுவே வந்து ஏறி உட்காரும். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி பழகுவது ரோட்டில்தான்.

அலங்காநல்லூர் அக்கா:

மலைப்பாதை அண்ணே, 2 வயதுப் பிள்ளைக்கு மலையும் ஏரியும் ஒரு கணக்கே இல்லை. அதற்கு வேண்டியது தான் படுக்கிற இடம், பக்கத்தில் அம்மா. அந்த இடம் திடீரென்று மாறினால் விடியும்வரை அழுகைதான்.

கோச்சடைத் தம்பி, உங்கள் மகன் இன்னும் தூளியில் தூங்குகிறவனா? எங்கள் சின்னவன் அப்படித்தான். வண்டியில் மெத்தை விரித்து, ஃபேன் போட்டு, தட்டிக்கொடுத்து எல்லாம் பார்த்தோம். பழைய சேலையைக் கட்டி ஆட்டிய பிறகுதான் கண்ணை மூடினான். நாங்கள் வாசலில் இருந்ததால் உள்ளே போய்ச் சேலை எடுத்து வந்தோம். கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் இருட்டில், குளிரில் இது தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? ராத்திரி 2 மணிக்குப் பிள்ளை படுக்கையை நனைத்தால் டார்ச், மாற்று டவுசர், ரப்பர் ஷீட் மூன்றும் லைட் போடாமலே கைக்கு வர வேண்டும். பெரியவள் தூக்கக் கலக்கத்தில் மேல்தட்டிலிருந்து இறங்கப் பார்க்கிறாளா என்பதும் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதெல்லாம் வீடு பத்தடி தூரத்தில் இருக்கும்போதே பழக வேண்டியவை. உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

மலைப்பாதை:

அக்கா, வீடு பத்தடி தூரத்தில் இருப்பதுதான் தொல்லையே. கரண்டி இல்லையா, வீட்டுக்குள் போய் எடுத்து வருவீர்கள். குளியல் வீட்டில். சார்ஜ் வீட்டு ப்ளக்கில். பிள்ளை ஒரு தடவை சிணுங்கினால் பாட்டி கதவைத் தட்டி, "என் தங்கத்தை எதுக்குடா இப்படி வேக விடுறீங்க" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு வாரம் அப்படிப் படுத்தாலும் வண்டியில் என்ன குறை என்று தெரியாது. வெளியே போனால் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும்.

வண்டிப்பட்டறை:

வேன் கட்டுகிற தொழில்தான் எனக்கு. ரெண்டு பேரும் ராத்திரியைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டி ஓடும்போது அந்த 2 வயதுப் பையன் எங்கே உட்காருவான் என்று யாரும் கேட்கவில்லையே?

முன்பக்கம் பார்த்த சீட்டில் குழந்தை சீட்டைக் கட்டி, அதில் பெல்ட் போட்டு உட்காரவைக்க வேண்டும். பக்கவாட்டு பெஞ்சில் குழந்தை சீட்டைக் கட்டவே கூடாது, அது அதற்காகச் செய்ததில்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பதும் வேலைக்கு ஆகாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால் 12 கிலோப் பிள்ளையை எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்ற பிரிவு வந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் வந்தால் 1000 ரூபாய் அபராதம். நான் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. கட்டில்தான் இருக்கிறதே என்று பிள்ளைகளைப் பின்னால் படுக்கவைத்தே ஓட்டுகிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தூளிக் கொக்கியை உள்பக்கப் பலகையில் மாட்டாதீர்கள். கூரையின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுங்கள். தூளி கட்டுவது வண்டி நிற்கும்போது மட்டும்.

தெப்பக்குளத்தான்:

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நம் பக்கத்தில் கேம்பர்வேன் தேவையே இல்லை. வெளிநாடுகளில் வண்டி நிறுத்த இடம், தண்ணீர் பிடிக்கக் குழாய், கழிவைக் கொட்டக் குழி என்று எல்லாம் உள்ள மைதானங்கள் இருக்கின்றன. இங்கே எங்கே நிறுத்துவீர்கள்? தனுஷ்கோடியில் இருட்டுவதற்குள் வண்டிகளை வெளியேற்றிவிடுவார்கள். மேகமலைக்கு மாலைக்குமேல் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள். 2021-லிருந்து அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், அதன் ஓரத்தில் ராத்திரி நிறுத்தவும் முடியாது. மிச்சம் இருப்பது பெட்ரோல் பங்க். லாரிகள் வந்து போகிற சத்தத்தில் எந்தப் பிள்ளை தூங்கும்? வண்டிக்குப் போட்ட பணத்தில் பல வருஷம் நல்ல ரூமாகப் போட்டுத் தங்கலாம்.

அப்புறம் கழிவுத் தண்ணீர். கண்மாய்க் கரையில் வேனை நிறுத்தி, சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்படியே திறந்துவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஆடு மாடு வாய் வைக்கிற தண்ணீர் அது. இந்த மாதிரி வண்டிகளுக்கு ஆர்.டி.ஓ. எப்படி அனுமதி கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அலங்காநல்லூர் அக்கா:

கண்மாய் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அப்படிச் செய்கிறவர்களை நிறுத்திக் கேட்க வேண்டும். மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாலுவழிச் சாலையில் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா அண்ணே? "அம்மா, பாத்ரூம்" என்று அவள் சொன்னதும் நாம் தேடுகிற தேட்டம் இருக்கிறதே! பங்க் கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார், திறந்திருந்தால் தண்ணீர் வராது. இதனாலேயே வழியெல்லாம் தண்ணீர் குடிக்காமல் போகிற பெண்கள் எத்தனை பேர். வண்டியில் 20 லிட்டர் கேசட் டாய்லெட் (கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துப் போய்க் கொட்டுகிற வகை) ஒன்று இருந்தால் என் மகள் தாராளமாகத் தண்ணீர் குடிக்கிறாள். எனக்கு வண்டி அதற்கே போதும். ரூம் போட்டால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு புது மெத்தை, ஒரு புது நாற்றம், பால் சுடவைக்க யாரையாவது கெஞ்ச வேண்டும். வண்டியில் எங்கே போனாலும் அதே தலையணை, அதே அடுப்பு.

நிறுத்த இடமும் இல்லாமல் இல்லை. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற சொந்தக்காரர்கள், தெரிந்தவர்களின் களம், மலையில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களின் காம்பவுண்டு. முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டால் சரி என்பார்கள்.

வண்டிப்பட்டறை:

அனுமதி பற்றிக் கேட்டீர்கள். இந்த மாதிரி தங்கும் வண்டிகளுக்கு, அதாவது மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதி இருக்கிறது. சாதாரண வேனை வாங்கி இஷ்டத்துக்கு அறுத்து மாற்றுவதைத்தான் 1988 சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. கோச்சடைத் தம்பி, ஆர்.சி.யில் வண்டி எந்த வகை என்று போட்டிருக்கிறது, இன்சூரன்ஸிலும் அதே வகைதானா என்று ஒருமுறை பாருங்கள். ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது நடந்த பிறகு அலைய வேண்டியிருக்கும்.

கோச்சடைக்காரன்:

ஆர்.சி. சரியாக இருக்கிறது அண்ணே. பெஞ்சில் பையனை உட்காரவைக்க மாட்டோம், ரெண்டு பிள்ளைகளும் நடு சீட்டில்தான். ஆனால் மனைவிக்கு அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். அங்கே இடமில்லை. இன்னொரு சந்தேகம்: வேப்பமரத்து நிழலில் நிறுத்தினால் வண்டி சூடாகாது, ஆனால் சோலார் ஏறாது. வெயிலில் நிறுத்தினால் சோலார் ஏறும், உள்ளே இருக்க முடியாது. ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடுமா?

வண்டிப்பட்டறை:

ஓடாது. 200 ஆம்பியர் மணி பேட்டரியை அதன் உண்மையான 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 2560 வாட் மணி. ஒரு டன் ஏ.சி. ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் போகிறதையும் கழித்தால் ரெண்டு மணி நேரம், கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். அதே பேட்டரியில் 15 வாட் 12 வோல்ட் ஃபேன் ரெண்டை 8 மணி நேரம் ஓட்டினால் 240 வாட் மணிதான் செலவு. அதனால் படுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஏ.சி.யில் குளிரவைத்துவிட்டு, பிறகு கொசுவலை போட்ட ஜன்னலைத் திறந்து ஃபேனுக்கு மாறுங்கள். நிழலா சோலாரா என்றால் பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது நிழல்தான். நீங்கள் வெளியே சுற்றுகிற நேரத்தில் வெயிலில் விடுங்கள்.

கரண்ட் போதவில்லை என்று இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்ததுதான் காரணம். அதற்கு வாசனையே கிடையாது. அதைக் காட்டுகிற அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். கேஸ் அடுப்பு என்றால் தரைமட்டத்திலும் காற்றுத் துளை வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். உங்கள் கட்டிலும் கீழேதான் இருக்கிறது.

மனைவி முன் சீட்டில் உட்காரட்டும். பையன் அழுதால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். அதைத் தவிர வேறு வழி இல்லை.

மலைப்பாதை:

பட்டறை அண்ணன் போட்ட கணக்கே என் கட்சிதான். ஏ.சி. இல்லாமல் தூங்க முடிகிற இடம் மலை, அங்கே போங்கள் என்கிறேன். கொடைக்கானல் தூரம் என்றால் சிறுமலை இருக்கிறதே. திண்டுக்கல் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவு, மேலே தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டு நிறுத்தலாம்.

கோச்சடை வீட்டம்மா:

இவர் எழுதியதை இப்போதுதான் படித்தேன். எல்லோருக்கும் நன்றி.

மலைப்பாதை அண்ணன் பாட்டியைப் பற்றிச் சொன்னது அப்படியே எங்கள் அத்தை. அதனால் வாசலில் பாதி ராத்திரிகூட ஓடாது என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் 18 வளைவில் ஏற நான் இப்போது தயாரில்லை. எங்கள் மகளுக்கு அழகர்கோவில் போகிற பஸ்ஸிலேயே குமட்டும். டிராயர்களுக்கு இன்னும் தாழ் போடவில்லை, ரிங் ரோட்டில் ஒரு திருப்பத்திலேயே தட்டுகள் எல்லாம் கீழே வந்துவிட்டன. இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் பழைய துண்டைச் செருகி வைத்திருக்கிறேன். குக்கரை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் சித்தப்பாவுக்குச் சோழவந்தானில் தோப்பு இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் வீடு, நடுவில் வாய்க்கால். அங்கே தங்குவோம். ப்ளக் கிடையாது. வண்டியில் இருப்பதை வைத்துத்தான் சமையல். பையன் விடாமல் அழுதால் சித்தி வீடு இருக்கிறது. தூளிக் கொக்கியும் குழந்தை சீட்டும் மாட்டிய பிறகுதான் கிளம்புவோம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

மலைப்பாதை:

தோப்பில் மே மாதம் புழுக்கம் தாங்காதும்மா. வாய்க்கால் ஓரம் கொசுவும் இருக்கும். நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

கோச்சடை வீட்டம்மா:

கொசுவலை தைக்கக் கொடுத்தாயிற்று அண்ணே. புழுக்கத்துக்கு ஃபேன்.

தெப்பக்குளத்தான்:

கழிவு எங்கே போகும்? வாய்க்காலிலா?

கோச்சடை வீட்டம்மா:

இல்லை. கேசட்டை எடுத்து வந்து எங்கள் வீட்டுக் கழிப்பறையில்தான் கொட்டுவோம். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கேனில் பிடித்து, வாய்க்காலுக்குத் தள்ளி வாழை மூட்டில் ஊற்றுவோம். கறி, எண்ணெய்ச் சட்டியைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவேன்.

தெப்பக்குளத்தான்:

அப்படிச் செய்தால் சரி. வண்டி தேவையில்லை என்கிற என் எண்ணம் மாறவில்லை, ஆனால் எல்லா வேன்காரர்களும் இப்படிச் செய்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வண்டிப்பட்டறை:

தங்கச்சி, ஒன்று விட்டுப்போனது. ஏ.சி. பெட்டியோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் உள்ள கம்பியில் அளவு போட்டிருப்பார்கள். தோப்புக்குப் போகிற வழியில் தாழ்வாகத் தொங்குகிற ஈ.பி. லைன் இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.