ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைக்காக: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆச்சிமார், அண்ணன்மாருக்கு வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஜெர்மனியில் படிக்கும் என் தம்பி மகனின் முகவரி, வருகைப்பதிவு எல்லாவற்றையும் வேறொரு நாட்டு அரசு கேட்டிருக்கிறதாம். பல்கலைக்கழகமே அவனிடம் சொல்லியிருக்கிறது. எந்த நாடு என்று இங்கே எழுத வேண்டாம் என்கிறான்; சரி, விட்டுவிடுவோம்.

2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 48ஆவது பிரிவைப் படித்தேன். வெளிநாட்டு அரசின் உத்தரவு மட்டும் போதாது, நாடுகளுக்கிடையே சட்ட உதவி ஒப்பந்தம் மாதிரி ஏதாவது வேண்டும் என்கிறது. ஆனால் 49ஆவது பிரிவில் ‘பொதுநலன்’ என்று ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. அதைக் காரணமாகச் சொல்லி அவன் விவரங்களைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று 15ஆவது பிரிவின்படி அவனே எழுதிக் கேட்கலாமாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டுமாம். அப்படிக் கேட்ட பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டில் உண்டா? கடிதத்தை ஜெர்மன் மொழியில்தான் எழுத வேண்டுமா? தம்பி பெண்டாட்டி சாப்பிடாமல் கிடக்கிறாள், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.