சக வீரரை இழந்த தீயணைப்பு நிலையத்தில் முதல் சில நாட்கள்

நிலைய அலுவலர் (ஓய்வு):
தீத்தொண்டு வாரம் வருகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பகல் 2 மணி வாக்கில் புகை தெரிந்தது. மாலை 4.06க்கு வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. அவர்களுக்காக ஆண்டுதோறும் அதே நாளில் மலர்வளையம் வைக்கிறோம். ஆனால் உடன் போன ஒருவரை இழந்து நிலையம் திரும்பும் வண்டியில் இருப்பவர்களை எப்படிக் கவனிப்பது? அனுபவத்தில் கண்ட நடைமுறைகளை எழுதுங்கள்.

முன்னணி தீயணைப்போர்:
முதலில் வயர்லெஸ். இறந்தவர் பெயரை அதில் சொல்லவே கூடாது. யாரோ கேட்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குச் செய்தி நேரில்தான் போக வேண்டும். ஓர் அதிகாரி, குடும்பத்துக்குத் தெரிந்த சக வீரர் ஒருவர், கூடவே ஒரு பெண் இருந்தால் நல்லது. “சீரியஸா இருக்கார்” என்று இழுக்காதீர்கள். “அண்ணி, அண்ணன் இறந்துட்டார்” என்று நேராகச் சொல்லிவிட்டு, அங்கேயே இருங்கள்.

இறந்தவருடைய மூச்சுக்கருவியைக் கழுவக் கூடாது, சிலிண்டரை நிரப்பக் கூடாது. மானி காட்டும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்வை மூட நேர்ந்தால் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். விசாரணையில் அவர் மீது வீண்பழி விழாமல் காப்பது இந்தக் குறிப்புதான். லாக்கரை அன்றைக்கே காலி செய்துவிடாதீர்கள். வீட்டாரைக் கேட்டு, அவர்கள் முன்னால் திறங்கள்.

சகபணியாளர் ஆதரவுக் குழு உறுப்பினர்:
அன்று இரவே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து “நடந்ததைச் சொல்லு” என்று கட்டாயப்படுத்துவது பழைய முறை. உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. பேசத் தயாராக இல்லாதவருக்கு அது காட்சியை இன்னும் அழுத்திப் பதிக்கக்கூடும். குளிக்கவும் சாப்பிடவும் விடுங்கள். அடுத்த அழைப்புக்கு வேறு நிலைய வண்டியைக் கேட்டு வாங்குங்கள். பைக்கில் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பாட்டில் வாங்கிக் கொடுத்துத் தேற்றும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும், தூக்கம் அதோடு கெட்டுவிடும்.

எப்போதும் விட்டுப்போகிறவர்கள் இரண்டு பேர்: பம்ப்பை இயக்கிக்கொண்டு வெளியே நின்ற ஓட்டுநர், அழைப்பை எடுத்த கட்டுப்பாட்டு அறைக்காரர். “நான் உள்ளே போகவே இல்லையே” என்ற குற்ற உணர்வு இவர்களைத்தான் அதிகம் தின்கிறது.

ஆதரவு தருபவர் அதே தகுதிநிலையில் இருப்பவராக இருக்கட்டும். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதும் அதிகாரியிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். கேட்டது வெளியே போகக் கூடாது; உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு, அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்துத் தூக்கமின்மையும் எரிச்சலும் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, மணிச் சத்தத்துக்கு நடுக்கம், குடி அதிகமாவது என்று தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், தனியாகவும் விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அமைச்சுப் பணியாளர் (அலுவலக எழுத்தர்):
பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும், காகித வேலையும் அப்போதுதான் கழுத்தை நெரிக்கும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றில் பல நகல்கள் எடுத்து வையுங்கள். குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, கருணை வேலை என ஒவ்வொரு மனுவோடும் இவற்றைத்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் கருணை வேலைக்கு மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் எண்ணை அந்த வீட்டில் எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் 14 அழைப்பிதழையும் அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், முதல் ஆண்டு மட்டுமல்ல, பத்தாவது ஆண்டிலும்.