அவசரம்: ஊரே திட்டுகிற ஒரு குவாட்டர்பேக் பையனுக்கு எப்படித் துணை நிற்பது?

புதுவரவு_திருச்சி:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட்டில்தான் அமெரிக்கா வந்தேன், மாஸ்டர்ஸ். இங்கே பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவனாக, ஆடும் பையனை எனக்குத் தெரியும். வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை சொந்த மைதானத்திலேயே கூட்டம் அவனைப் பார்த்து ஊளையிட்டது. அன்று இரவிலிருந்து அவன் போனுக்கு வருகிற மெசேஜ்களைக் காட்டினான். அவன் அம்மாவை எல்லாம் இழுத்து எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று என் எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. கண் கலங்கியிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்றே தெரியவில்லை. இந்த விளையாட்டின் விதிகளும் எனக்குப் புரியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை இங்கே எழுதலாமா என்று யோசிக்கிறேன். செவ்வாய்க்கிழமை அவனைத் திரும்பப் பார்க்க வேண்டும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

மினசோட்டா_மாமா:
தம்பி, முதலில் ஒரு நல்ல கோட் வாங்குங்கள். சிரிக்க வேண்டாம். நான் 1998 ஜனவரியில் மினியாபொலிஸில் வந்து இறங்கியபோது சென்னையில் வாங்கிய ஸ்வெட்டர்தான் கையில் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன், கண்ணீர் இமையிலேயே உறைந்தது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது. அந்தப் பையனுக்கும் சரியாகிவிடும். விட்டமின் டி மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நம் ஆட்களுக்கு இங்கே அது குறைந்துவிடும்.

ஸ்கார்பரோ_அக்கா:
தம்பி, உங்கட மகனைப் பற்றித்தானே சொல்லுறீங்கள்? தாயைப் பற்றி எழுதுகிற அளவுக்குப் போய்விட்டார்கள் என்றால் உடனே அந்த விளையாட்டை விட்டு நிறுத்துங்கோ. என்ரை மூத்தவன் இங்கே ஹொக்கி விளையாடினவன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் கத்தினதை நான் கேட்டிருக்கிறேன். நாங்கள் 1989இல் வந்து, அவர் ஒரு தொழிற்சாலையிலும் நான் இன்னொன்றிலும் இரவு வேலை செய்துதான் பிள்ளைகளைப் படிப்பித்தோம். படிப்பு இருந்தால் போதும்.

புதுவரவு_திருச்சி:
ஐயோ, மகன் இல்லை அக்கா. எனக்கே 23 வயதுதான். அவனுக்கு 19. அப்புறம், நான் தம்பியும் இல்லை, பெண்.

டெக்சாஸ்_மணி:
தங்கச்சி, விளையாட்டைத் தெரிந்துகொண்டால்தான் அவன் நிலைமை புரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு டீமுக்குக் களத்தில் 11 பேர், ஆனால் அநேகமாக ஒவ்வொரு நகர்வும் இவன் கையில்தான் தொடங்கும். ஒரு நகர்வு முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 நொடிக் கடிகாரம் ஓடும். 2024லிருந்து பெரிய டீம்களில் பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் பேசலாம், ஆனால் கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது அந்தக் குரல் அறுந்துவிடும். அதற்கப்புறம் அவன் தனி ஆள். எதிரே 130 கிலோ ஆட்கள் பாய்ந்து வருவார்கள், மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். தடுப்பவன் சறுக்கினாலும், பிடிப்பவன் கோட்டைவிட்டாலும் டிவியில் காட்டுவது இவன் முகத்தைத்தான்.

அவனுக்கு ஜேலன் ஹர்ட்ஸ் கதையைச் சொல்லு. அவரும் குவாட்டர்பேக்தான். 2018 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழகத்துக்காக தேசிய இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் 0-13 பின்தங்கியிருந்தார்கள், நாடே பார்க்க அவரை உட்காரவைத்துவிட்டு புதுப்பையன் டுவாவை இறக்கினார்கள். அவன் ஜெயித்தும் கொடுத்துவிட்டான். ஹர்ட்ஸ் அடுத்த வருடம் பெஞ்சில் இருந்தார், பிறகு ஓக்லஹோமா பல்கலைக்கழகம் போனார். 2025இல் சூப்பர் பௌல், அதாவது தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம், ஜெயித்து ஆட்டநாயகனும் ஆனார். ஸ்பென்சர் ராட்லரையும் சொல்லலாம். 2021இல் அவருடைய சொந்தக் கூட்டமே மாற்று ஆளான கேலப் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டது. அவரும் வேறு பல்கலைக்கழகம் போய், பிறகு என்எஃப்எல் வரை வந்துவிட்டார். எங்கள் ஆஸ்டினிலேயே 2025இல் டெக்சாஸ் குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங்கைப் பார்த்து ஊளையிட்டார்கள், அதுவும் ஜெயித்த ஆட்டத்தில்! கூட்டம் அப்படித்தான்.

அட்லாண்டா_கவி:
மணி அண்ணா, மன்னிக்கவும், ஹர்ட்ஸ் கதையை அவன் இந்த வாரம் இருபது பேரிடம் கேட்டிருப்பான். பெஞ்சுக்குப் போய்த் திரும்பாமலே போன பையன்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். கூடப் படித்திருப்பான்.

டெக்சாஸ்_மணி:
சரி, அப்படியென்றால் ஒன்றுமே சொல்லாதே. சனிக்கிழமை ஜெயித்தால் எல்லாம் மாறிவிடும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்போது இவர்கள் சும்மா ஆடவில்லை. 2021 ஜூலையிலிருந்து விளம்பரக் காசு வாங்கலாம். 2025 ஜூனில் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே நேரடியாகத் தரலாம், முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை. காசு வாங்கினால் திட்டும் சேர்ந்துதான் வரும்.

அட்லாண்டா_கவி:
காசு கொடுத்தவனா அவன் அம்மாவைத் திட்டினான்? டிக்கெட்கூட வாங்காமல் சோபாவில் படுத்துக்கொண்டு எழுதுகிறவன்தான் பாதிப் பேர்.

ஒஹாயோ_செந்தில்:
காசு பற்றிப் பேசினீர்களே, அதற்காகவே வந்தேன். நான் டிஏ (ஆசிரியர் உதவியாளர்) வேலை பார்த்தபோது வருடம் முழுக்க பார்க்கிங் பாஸுக்குக் காசு கட்டினேன். மேட்ச் நாளில் மட்டும் காலை ஆறு மணிக்கே வண்டியை எடுத்துவிடு என்பார்கள், இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவார்கள். என் லேப் வாசலில் எவனோ அடுப்பு வைத்து இறைச்சி சுடுவான். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் ஆளே ஃபுட்பால் பயிற்சியாளர்தான், கவர்னர் எல்லாம் எங்கோ கீழே. நமக்கு மாதச் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவது ஒரு மூட்டை சோனா மசூரி.

மினசோட்டா_மாமா:
செந்தில் தம்பி, சோனா மசூரி இப்போது என்ன விலை விற்கிறது உங்கள் ஊரில்?

ஒஹாயோ_செந்தில்:
மாமா, கேட்காதீர்கள்.

சேலம்_டு_சியாட்டில்:
ஊளையிடுவதில் நாம் என்ன குறைச்சலா? 2007 உலகக் கோப்பையில் பங்களாதேஷிடம் தோற்றதும் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் போய் உடைத்தார்கள். பிறகு அதே ஆளை நாம் சென்னையில் 'தல' ஆக்கினோம். ஆகவே இங்கே யாரும் அமெரிக்கர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய_டியூட்டர்:
ஒரு நிமிடம். இத்தனை பேர் எழுதிவிட்டோம், அந்தப் பெண் அவனுக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறைத்தோழியா, வகுப்பில் கூடப் படிக்கிறாயா, டிஏவா? "என் எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான்", "செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இது டியூஷன் மாதிரி தெரிகிறது. அந்த "இன்னொரு சிக்கல்" என்னம்மா?

புதுவரவு_திருச்சி:
ஆமாம் அண்ணா. விளையாட்டு வீரர்களுக்கென்று இருக்கும் படிப்பு மையத்தில் பகுதிநேர வேலை. அவனுக்குப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். ஞாயிறு, செவ்வாய்.

இன்னொரு சிக்கல் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டேன். "பாவம், அவன் அழுகிறான், [இந்த இடத்தில் ஒரு வரியை நெறியாளர் நீக்கியுள்ளார்]" என்று. குரூப்பில் அறைத்தோழிகள் மூன்று பேர், ஒருத்தியின் நண்பன் ஒருவன். அவன் உடனே தனியாக மெசேஜ் போட்டு, "அப்படியென்றால் சனிக்கிழமை ஆடுவானா மாட்டானா?" என்று கேட்டான். முதலில் அக்கறை என்று நினைத்தேன். அவன் போனில் பந்தய ஆப் வைத்திருக்கிறான் என்று நேற்றுதான் தெரிந்தது. நான் பதில் சொல்லவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. விசா போய்விடுமா?

பழைய_டியூட்டர்:
நல்லவேளை சொன்னாய். நெறியாளர் எடுத்த வரியை நானும் பார்த்தேன், திரும்ப இங்கே எழுதாதே. ஊர் பெயர் இல்லாவிட்டாலும், தோல்விக் கணக்கை வைத்து எவனும் கண்டுபிடித்துவிடுவான்.

மூன்று வருடம் இதே வேலை பார்த்தேன், அதனால் சொல்கிறேன். சேர்ந்தபோது கையெழுத்து வாங்கிய காகிதங்களில் பந்தயம் பற்றிய ஒன்று இருந்திருக்கும். படித்திருக்க மாட்டாய், நானும் படிக்கவில்லை. கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி விளையாட்டுத் துறையில் வேலை பார்ப்பவர்கள் பந்தயம் கட்டக் கூடாது என்பது மட்டுமில்லை, பந்தயம் கட்டுபவர்களுக்குத் தகவல் தருவதும் தப்பு. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் பந்தயத் தடைச் சட்டத்தை ரத்து செய்த பிறகு மாநிலம் மாநிலமாக அது போனுக்குள் வந்துவிட்டது. குவாட்டர்பேக்குக்குத் தலைவலி என்றால்கூட அது இப்போது காசு பெறும் செய்தி. இதற்குப் பயந்துதான் பல்கலைக்கழக லீக்குகளான பிக் டென் 2023லும் எஸ்இசி 2024லும் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற பட்டியலைத் தாங்களே வெளியிட ஆரம்பித்தார்கள். திருட்டுத்தனமாக விசாரிப்பவனுக்கு வேலை இல்லாமல் போகட்டும் என்று.

நாளைக் காலை முதல் வேலையாக உன் மேற்பார்வையாளரிடம் போ. "தெரியாமல் இப்படி எழுதிவிட்டேன், இவர் இப்படிக் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை" என்று நேராகச் சொல். அவர் விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். மெசேஜை அழித்துவிட்டுப் போகாதே, எடுத்துக் காட்டு. அழித்தால் மறைத்த மாதிரி ஆகும். விசா பயத்துக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கிறது, அவர்களிடம் கேள். எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாமல் இருக்கிறாய்தானே? அதையும் சரிபார்த்துக்கொள். இங்கே யாராவது விசாவைப் பற்றி அடித்துச் சொன்னால் நம்பாதே, என்னையும் சேர்த்து.

ஒஹாயோ_செந்தில்:
எதற்கு வம்பு? வாயை மூடிக்கொண்டு வேலையை விட்டுவிடு. நான் அப்படித்தான் செய்வேன்.

பழைய_டியூட்டர்:
செந்தில், அந்த நண்பன் யாரிடம் சொன்னானோ தெரியாது. பிறகு இன்னொருவர் வாயிலிருந்து இது வந்தால் அவள் நிலைமை என்ன ஆகும்? தானாகப் போய்ச் சொன்னவளுக்கும் பிடிபட்டவளுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அனு_அக்கா:
நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விதி விஷயத்தை அவர் சொல்லிவிட்டார், நான் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தால் ஆட்டத்தைப் பற்றி நீயாக ஆரம்பிக்காதே. அந்த வாரம் அவனைப் பார்க்கிற ஒவ்வொருவரும், கேண்டீனில் தட்டு கொடுப்பவர்கூட, சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசுவார்கள். உனக்கு அந்த விளையாட்டே தெரியாது என்றாயே, அவனுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று உனக்குப் புரியவில்லை. "போன வாரம் விட்ட இடத்திலிருந்து போகலாமா?" என்று கேட்டு நோட்டைத் திற. அவன் பேச நினைத்தால் பேசட்டும், குறுக்கே போகாமல் கேள். "அதையெல்லாம் கண்டுகொள்ளாதே" என்று மட்டும் சொல்லிவிடாதே. ராத்திரி ஒரு மணிக்குப் போன் அதிர்ந்தால் யாரால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியும்?

அந்த மெசேஜ்கள் பற்றி. வெறும் வசவு ஒரு ரகம், மிரட்டல் வேறு ரகம். மிரட்டலை வளாகக் காவல்துறை பார்க்க வேண்டும். அதை டீம் ஆட்களிடம் காட்டச் சொல், படம் எடுத்து வைக்கச் சொல். நீ அவனுக்காக அங்கே போய்ப் பதில் எழுதிச் சண்டை போடாதே. நீ எழுதினால் அந்தப் பதிவு இன்னும் மேலே வரும், உன் பெயரும் மாட்டும்.

கடைசியாக ஒன்று, இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக குவாட்டர்பேக் டைலர் ஹிலின்ஸ்கி தற்கொலை செய்துகொண்டார். 21 வயது. அவர் பெற்றோர் அதற்குப் பிறகு ஒரு அறக்கட்டளை தொடங்கி, கல்லூரி வீரர்களின் மனநலத்துக்காக வேலை செய்கிறார்கள். ஆகவே அவன் பேச்சில் "எதற்கு இருக்க வேண்டும்" என்ற தொனி ஒரு துளி வந்தாலும், "உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ளும் நினைப்பு இருக்கிறதா?" என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதே. தனியாக விடாதே, அப்போதே மேற்பார்வையாளரைக் கூப்பிடு. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், மெசேஜும் அனுப்பலாம். அது உனக்கும்தான்.

ஸ்கார்பரோ_அக்கா:
பிள்ளை, மகன் என்று நினைத்துப் பேசிவிட்டன், குறை நினைக்காதேங்கோ. கொஞ்சம் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்க் குடுங்கோ. புட்டும் முட்டைப் பொரியலும் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டினம்.

பழைய_டியூட்டர்:
அக்கா, நல்ல மனசுதான், ஆனால் அதற்கும் விதி இருக்கிறது. ஊழியர் வீரருக்குத் தனியாகக் கொடுக்கும் சலுகை எல்லாமே கணக்கில் வரும். சாப்பாடு, வண்டியில் கொண்டுபோய் விடுவது, எதுவானாலும் முதலில் கேட்டுவிட்டுச் செய்யட்டும். அதைவிட முக்கியம், பாவம் பார்த்து அவன் வீட்டுப்பாடத்தை இவள் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. மிசூரி பல்கலைக்கழகத்தில் ஒரு டியூட்டர் அப்படிச் செய்ததாக 2016இல் ஒப்புக்கொண்டார். 2019இல் ஃபுட்பால் டீமுக்கே சீசன் முடிவு ஆட்டங்களில் ஆடத் தடை விழுந்தது.

புதுவரவு_திருச்சி:
எல்லோருக்கும் நன்றி. செவ்வாய் காலை போய்ச் சொல்லிவிட்டேன். கை நடுங்கியது. அந்த அம்மா கத்தவில்லை, கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். பயிற்சி வகுப்பைத் திரும்ப எடுக்க வேண்டுமாம், எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேலை இருக்கிறது. குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். அவனுக்கு வரும் மெசேஜ் விஷயத்தையும் சொன்னேன். டீமின் மனநல ஆலோசகர் ஏற்கெனவே அவனோடு பேசிக்கொண்டிருக்கிறாராம்.

நேற்று வந்தான். கை-ஸ்கொயர் கணக்கு ஆறு போட்டோம், ஐந்தாவதில் நானே தப்புப் போட்டுவிட்டேன். அவன்தான் கண்டுபிடித்தான். வேறு எதையும் பற்றிப் பேசவில்லை. இனி எதையும் இங்கே எழுதமாட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்த நண்பன் தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறான், இருக்க முடியவில்லை. ஒப்பந்தம் ஜூலை வரை இருக்கிறது. ஜனவரியில் வெளியே போக வழி உண்டா?

ஒஹாயோ_செந்தில்:
உண்டு. உன் ஒப்பந்தத்தில் உள்வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறதா பார். இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. ஜனவரியில் புதிதாக வரும் மாணவர்கள் இடம் தேடுவார்கள், உங்கள் ஊர் தமிழ்ச் சங்கக் குழுவில் நவம்பரிலேயே போட்டுவிடு. முன்பணம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பார். என்னுடையது கூட இருந்தவன் பெயரில் இருந்தது, இன்னும் வரவில்லை.