புதுப்பேட்டை அம்பாசிடர் இன்ஜின் – கொழிஞ்சாம்பாறைக்குக் குறைந்த செலவில் கொண்டுவர வழி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில ஒரு மார்க் 2 அம்பாசிடர் கார் இன்ஜின், 1489 சிசி பெட்ரோல், கியர்பாக்ஸோட விலை பேசியாச்சு. பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குத் தனி வண்டி பிடிச்சா வாடகையே இன்ஜின் விலைக்கு வந்துரும்போல. பார்சல்ல பாலக்காட்டுக்குப் போடலாமா, கோயமுத்தூரோட நிறுத்திக்கலாமா? கேரள எல்லையில, வேலந்தாவளத்துல பேப்பர் கேப்பாங்களா?

லோடுமேன்_பொள்ளாச்சி:
கோயமுத்தூர் குடோன் வரைக்கும் போடுங்க. பாலக்காட்டுல இறக்கினாலும் அங்கிருந்து உங்க ஊருக்கு இன்னொரு வண்டி வேணும்தானே? கோயமுத்தூர்ல இருந்து ஒரு டாடா ஏஸ் வேலந்தாவளம் வழியா நேரா வீட்டுக்கே வந்துரும். டோர் டெலிவரி கேக்காதீங்க, காசு அதுலதான் போகும்.

வாடகை பேசும்போது ஏத்துகூலி, இறக்குகூலி, எல்ஆர் (லாரி ரசீது) சார்ஜ் எல்லாம் சேத்துக் கேளுங்க. எடை, பெட்டி அளவு, ரெண்டுல எது கூடுதலோ அதுக்குத்தான் பில். கியர்பாக்ஸைக் கழட்டித் தனி உருப்படியாப் போட்டா பெட்டி நீளம் குறையும்.

திரும்புற வண்டியில மலிவாப் போடலாம்னு சிலர் சொல்வாங்க. கேரளாவுக்குக் காய்கறி ஏத்திட்டுப் போற வண்டிக திரும்பும்போது பாதி காலி. ஆனா உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை, அதனால அந்த மலிவு இதுல கிடைக்காது.

ஸ்பேனர்_14:
வாடகையை விட பேக்கிங்லதான் இன்ஜின் வீணாகும். கியர்பாக்ஸ் இல்லாமலே 150 கிலோவை ஒட்டி வரும். அதைச் சம்ப் (இன்ஜின் அடியில் இருக்கும் தகட்டு ஆயில் தொட்டி) மேல உட்கார வைக்கவே கூடாது. தகடு உள்ளே நெளிஞ்சா ஆயில் ஸ்ட்ரெயினர் (சல்லடை) அடைபடும். வெளியே பார்த்தா சின்னப் பள்ளம்தான். ஸ்டார்ட் பண்ணினா ஆயில் பிரஷர் இருக்காது, பேரிங் போயிடும்.

4 இன்ச் சதுரக் கட்டை ரெண்டு அடியில், அதன் மேல் குறுக்குக் கட்டை. முன்னாடி மவுண்டிங் பிளேட்டையும் பின்னாடி பிளேட்டையும் நிற்கும் கட்டைகளில் துளை போட்டு போல்ட் நட் வச்சு முடுக்குங்க. ஆணி அடிச்சா லாரி குலுக்கலில் கழன்றுடும். சம்புக்கு அடியில் ஒரு இன்ச் இடைவெளி தெரியணும். இன்ஜின் மேல்மூடியான ராக்கர் கவரும் தகடுதான், குடோனில் மேலே மூட்டை அடுக்குவாங்க, அதனால் மரச்சட்டம் அதைவிட உயரமா இருக்கணும்.

சம்ப் ஆயில் மட்டும் இறக்கினா போதாது, ஃபில்டர் கிண்ணத்திலும் தேங்கி நிற்கும். பிளாக் பக்கத்திலுள்ள தண்ணீர் குழாயில் துரு அடைச்சிருந்தா கம்பி விட்டுக் குத்துங்க. எண்ணெய் சொட்டும் பெட்டியைப் பார்சல்காரர் எடுக்கமாட்டார். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ஃபேன் தனிப் பெட்டியில் போகட்டும். பிளக் கழட்டாதீங்க. போர்ட்டுகளை (காற்றும் புகையும் போற துளைகள்) பிளைவுட் வச்சு மூடுங்க. துணி திணிச்சா பூட்டும்போது மறந்து உள்ளேயே விட்டுடுவாங்க.

செக்போஸ்ட்:
மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் இ-வே பில் (ஜிஎஸ்டி ஆன்லைன் சரக்குச் சீட்டு) கட்டாயம். அதற்குக் கீழே என்றாலும் இன்ஜின் எண் எழுதிய பில் கையில் இருக்கட்டும். வழியில் போலீஸ் கேட்பது திருட்டு இன்ஜினா என்றுதான். பின்னால் ஆர்சியில் எண் மாற்றவும் அதே பில் வேண்டும். பிளாக்கில் உள்ள எண்ணைத் தாளில் பென்சில் தேய்த்து எடுத்து, பில்லோடு ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நன்றிங்ணா. வீட்டுல இறக்கச் சுமைதூக்குற யூனியன் ஆளுக வருவாங்களே?

லோடுமேன்_பொள்ளாச்சி:
அவங்க இறக்கினா கூலி குடுங்க. இறக்காம கேட்டா அது நோக்குகூலி, கேரளாவுல 2018 மே 1 முதல் தடை. செயின் பிளாக் (சங்கிலி இழுத்துத் தூக்குற கப்பி) ஒண்ணு வாடகைக்கு எடுத்து வைங்க, ஏஸ் வர்றதுக்கு முன்னாடியே மாட்டியிருக்கணும். குடோன்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பெட்டியச் சுத்திப் பாருங்க. கட்டை உடைஞ்சிருந்தா எல்ஆர் நகல்லயே எழுதி வாங்குங்க.