மூன்று நாட்டு ஊழியர்களின் வேலைப் பித்தை ஒரே தராசில் நிறுக்கலாமா?

பெல்லந்தூர்வாசி:
பெங்களூரு, மியூனிக், டோக்கியோ மூன்று அலுவலகத்திலும் வேலைப் பித்து எவ்வளவு என்று அளந்து தரச் சொல்கிறார்கள். வாரம் 50 மணி நேரத்துக்கு மேல் லாகின் இருந்தால் பித்து என்று வைக்கலாமா? நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலும் வேண்டுமாம்.

அளவுகோல்:
லாகினை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரவு 9 மணிக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு கால் என்றால் அது நிர்வாகம் போட்ட நேரம். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த முடியாத உந்துதல்தான் பித்து.

வேலைப் பித்தை அளக்கும் டூவாஸ் (DUWAS) என்ற கேள்வித்தாள் 10 கேள்விகள் கொண்டது: 5 மிகையாக உழைப்பது பற்றி, 5 உள்ளிருந்து வரும் கட்டாயம் பற்றி, பதில்கள் 1 முதல் 4 வரை. ஷாஃபெலி, ஷிமாஸு முதலிய ஆய்வாளர்கள் 2009இல் நெதர்லாந்து, ஜப்பான் இரண்டிலும் சோதித்தது என்பதால் உங்களுக்குத் தோதானது. இரண்டு பகுதியிலும் உயர்ந்தவரை மட்டும் எண்ணுங்கள். முதல் பகுதி மட்டும் உயர்ந்தால் அது பெரும்பாலும் வேலைச்சுமை. 2012இல் வந்த பெர்கன் அளவுகோல் இன்னும் சிறியது: 7 கேள்விகளில் 4இலாவது ‘அடிக்கடி’ அல்லது ‘எப்போதும்’ என்றால் பித்து. நார்வேயில் அந்தக் கணக்கில் 8.3 சதவீதம் தேறினார்கள். ஆனால் அந்த வெட்டுப்புள்ளி நார்வேக்காரர்களை வைத்துப் பார்த்தது, அப்படியே பெங்களூருக்குத் தூக்கி வர முடியாது.

புள்ளிக்காரன்:
சராசரியை ஒப்பிடும் முன் அளவுகோல் மூன்று ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் லாவான் என்ற தொகுப்பு போதும். முதலில் ஒரே கட்டமைப்பு (எந்தக் கேள்வி எந்தப் பகுதியில்), பிறகு காரணிச் சுமைகளை (ஒவ்வொரு கேள்வியும் தன் பகுதியோடு எவ்வளவு இறுக்கமாக இணைகிறது) மூன்று நாட்டுக்கும் சமமாக்குங்கள், கடைசியில் வாசல் மதிப்புகளை (ஒரு விடையிலிருந்து அடுத்த விடைக்குத் தாவும் எல்லை). நாலே விடை என்பதால், இப்படிப்பட்ட படிநிலை விடைகளுக்கான டபிள்யூஎல்எஸ்எம்வி (WLSMV) என்ற கணக்கு முறை. ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ (CFI, மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01க்கு மேல் இறங்கினால் அந்தப் படி தேறவில்லை.

இங்கே பலர் மாட்டுவது: டோக்கியோவில் ஒரு கேள்விக்கு ‘4’ என்று ஒருவருமே குறிக்காமல் போவது (ஓரத்து எண்களைத் தவிர்ப்பது அங்கே சகஜம்). உடனே லாவான் நின்றுவிடும். 3ஐயும் 4ஐயும் மூன்று நாட்டிலும் சேர்த்து இணையுங்கள், ஒரு நாட்டில் மட்டும் செய்தால் கணக்கே கெட்டது. கடைசிப் படி தேறாவிட்டால் பித்துக்கும் தூக்கக் குறைவுக்கும் உள்ள தொடர்பை ஒப்பிடலாம், வரிசைப் பட்டியல் மட்டும் கூடாது. நாட்டுக்கு 200 பேராவது வேண்டும். டோக்கியோவில் முழுக்க மேனேஜர்கள், இங்கே முழுக்க ஃப்ரெஷர்கள் என்றால் நாட்டை அளக்கவில்லை, பதவியை அளக்கிறீர்கள்.

பெல்லந்தூர்வாசி:
பெங்களூரில் ஆங்கிலத் தாள் போதாதா சார்? தமிழ், கன்னடம், ஹிந்தி என்று போட்டால் ஆட்கள் சிதறிவிடுவார்கள்.

மொழிச்சிக்கல்:
ஐடி ஆட்களுக்கு ஆங்கிலம் போதும். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஊழியர்களும் உண்டென்றால் போதாது. மொழிபெயர்த்தால், அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்ப்பதோடு நிற்காமல், 5, 6 பேரை உட்கார வைத்து ‘இந்தக் கேள்வியை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேளுங்கள். டூவாஸில் ‘நெருப்பில் பல இரும்பு’ என்றொரு ஆங்கில மரபுத்தொடர் வருகிறது. தமிழில் அது ‘பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்’. அதேபோல விடுப்பு எடுத்தால் ‘குற்ற உணர்ச்சி’ என்பதைவிட ‘மனசு உறுத்துகிறது’ என்றால்தான் உண்மையான பதில் வரும்.

மியூனிக்கில் பணியாளர் மன்றம் (ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் குழு) இருந்தால் தாள் அனுப்பும் முன்பே பேசிவிடுங்கள். பதில்களை டீம் வாரியாக உடைக்க வேண்டாம். 8 பேர் டீமில் யார் எழுதியது என்று மேனேஜர் நொடியில் கண்டுபிடிப்பார், அது தெரிந்தால் எல்லோரும் 2ஐத்தான் குறிப்பார்கள்.