‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரை ‘மலரும் நினைவுகள்’ வகையில் சேர்ப்பது சரிதானா?

நூல்முனை (கேள்வி):

கடந்த இரண்டு வாரங்களில் ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரின் 18 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, ஒரே பருவத்தோடு நின்றுபோன தொடர் இது. கதை நடப்பது 1980-81 கல்வியாண்டில், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டிய சிப்பேவா என்னும் கற்பனை ஊரில். பள்ளியின் கணக்குப் போட்டி அணியில் இருந்த லிண்ட்சே வியர், பாட்டி இறந்தபின் அப்பாவின் பழைய ராணுவ மேலங்கியை மாட்டிக்கொண்டு, வகுப்பைக் கட் அடிக்கும் கூட்டத்தில் போய்ச் சேர்கிறாள். அவளுடைய தம்பி சாமும் அவனுடைய நண்பர்கள் நீல், பில் இருவரும் வம்புக்காரப் பையன்களிடம் சிக்காமல் ஒரு நாளை ஓட்டினாலே பெரிது என்றிருக்கும் சிறுவர்கள்.

என் ஐயம் இதுதான். எங்கே தேடினாலும் இத்தொடரைப் பழைய நாட்களின் ஏக்கத்தைச் சொல்லும் படைப்பு என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் பார்த்து முடித்தபோது அந்த வயதுக்கு ஒரு நாள்கூடத் திரும்பிப் போக எனக்கு ஆசை வரவில்லை. தப்பித்து வந்துவிட்டோமே என்ற நிம்மதிதான் வந்தது. வகைப்படுத்தியவர்கள் தவறா, நான் பார்த்த விதம் தவறா?

பழைய ஆன்டெனா:

நீங்கள் பார்த்த விதத்தில் தவறில்லை, நண்பரே. தொடரை உருவாக்கிய பால் ஃபீக், மிச்சிகனின் மவுண்ட் கிளெமன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அவரும் தயாரிப்பாளர் ஜட் அபடோவும் எழுத்தாளர் குழுவைக் கூட்டியபோது, பள்ளி நாட்களில் ஒவ்வொருவருக்கும் நேர்ந்த மிக மோசமான அனுபவங்களை எழுதித் தரச் சொல்லி, அவற்றிலிருந்தே பல காட்சிகளை எடுத்துக்கொண்டார்கள். அவமானங்களை மூலதனமாக வைத்துத் தொடங்கிய தொடரில் ‘அந்தக் காலம் போல வருமா’ என்ற பெருமூச்சை எதிர்பார்க்க முடியாது.

சாம் ஒரு கடையில், விற்பனையாளர் பேச்சில் மயங்கி, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த நாகரிக உடை ஒன்றை வாங்கி அணிந்து பள்ளிக்கு வரும் பகுதியை நினைத்துப் பாருங்கள். ராஜநடை போட்டு உள்ளே நுழைந்தவன், தாழ்வாரத்தில் பத்தடி நடப்பதற்குள், சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே தன் தவறைப் புரிந்துகொள்கிறான். ஃபீக் அப்படியொரு உடையில் உண்மையாகவே பள்ளிக்குப் போனவர். அந்த உடையைக் கேலிப்பொருளாக மட்டும் காட்டியிருந்தால் நாமும் சிரித்துவிட்டுக் கடந்திருப்போம்; காலையில் கண்ணாடி முன் நின்ற சாமின் மகிழ்ச்சியை முதலில் காட்டிவிட்டதால்தான் நமக்கும் எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருக்கிறது.

சுருதிபேதம்:

மேலே எழுதியவரோடு எனக்குப் பாதி உடன்பாடு மட்டுமே. ஏக்கம் இத்தொடரில் இருக்கிறது. அது கதையில் இல்லாமல் பாட்டில் குடியேறியிருக்கிறது. முகப்பில் ஜோன் ஜெட்டின் ‘பேட் ரெப்யூடேஷன்’ ஒலிக்க, பள்ளிப் புகைப்படத்துக்காக ஒவ்வொருவராக வந்து உட்காரும் அந்தச் சில நொடிகளிலேயே இவர்கள் யார் யார் என்பது தெரிந்துவிடுகிறது.

முதல் பகுதியின் கடைசியில் வரும் நடனக் காட்சியைப் பாருங்கள். சாம், தான் உருகி உருகிப் பார்க்கும் சிண்டியை ஆட அழைத்துவிடுகிறான். ஸ்டிக்ஸ் இசைக்குழுவின் ‘கம் செய்ல் அவே’ மெல்லத் தொடங்குகிறது. தோளில் கைவைத்து மெதுவாக ஆடலாம் என்று நம்பி அவளோடு அரங்கின் நடுவுக்கு வந்து சேர்கிற நேரத்தில், பாட்டு திடீரென்று வேகமெடுத்துவிடுகிறது. அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த அமெரிக்கர் எவருக்கும் அது எந்த இடத்தில் மாறும் என்பது மனப்பாடம். ஆகவே சாமுக்கு முன்பே அவர்கள் மனம் பதறியிருக்கும். இதை ஏக்கம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இந்தப் பாடல்களே பின்னர் தொடருக்குத் தடையாகவும் அமைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். உரிமைத் தொகை அதிகம் என்பதால் டிவிடி வெளிவருவது தள்ளிக்கொண்டே போயிற்று. மலிவான மாற்று இசையைப் போட்டு ஒப்பேற்றாமல், எல்லாப் பாடல்களையும் அப்படியே வைத்து ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் 2004-இல்தான் வெளியிட்டது. பாட்டை மாற்றினால் நடனக் காட்சிக்குப் பொருளே இருக்காது என்பதால், அந்தப் பிடிவாதத்தை நான் நியாயம் என்றே கருதுகிறேன்.

கடைசி பெஞ்சு:

தொடர் ஏன் நின்றது என்பதிலேயே கேள்விக்குப் பாதி விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முதலில் சனிக்கிழமை இரவில் ஒளிபரப்பினார்கள். இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. 2000 ஜனவரியில் திங்கட்கிழமைக்கு மாற்றியபோது, எதிரே ஏபிசி தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்த ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ என்ற வினாடி வினா நிகழ்ச்சி இருந்தது. 12 பகுதிகளோடு என்பிசி கையைக் கழுவிவிட்டது. பிறகு ஜூலையில் என்பிசியே மூன்று பகுதிகளை ஒளிபரப்பியது. எஞ்சிய மூன்றும் ஃபாக்ஸ் ஃபேமிலி அலைவரிசையில்தான் வெளிச்சம் கண்டன.

பார்வையாளர் எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அவ்வப்போது வெற்றி கிடைக்கக் கூடாதா என்பது நிர்வாகத்தின் மனக்குறையாக இருந்தது. தொடர் வெற்றியைத் தராமல் இல்லை. தந்த விதம்தான் வேறு. உடற்பயிற்சி வகுப்பில் எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பில், ஒருமுறை தானே அணித்தலைவனாகி, பேஸ்பால் ஆட்டத்தில் உயரே வந்த பந்தைப் பிடித்துவிடுகிறான். நண்பர்கள் உலகக் கோப்பையே கிடைத்துவிட்டதைப் போலக் குதிக்கிறார்கள். பேஸ்பாலில் எதிரணியின் முறை முடிய மூன்று அவுட் வேண்டும்; விழுந்ததோ ஒரே ஒரு அவுட். இவர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடும்போதே எதிரணியினர் சாவகாசமாக ஓடிப் புள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிண்டி விஷயமும் இப்படித்தான். அவள் ஒருவழியாகச் சாமுக்குக் காதலியானபின், இருவருக்கும் பேசுவதற்கு எதுவுமே இல்லை என்பது அவனுக்குத் தெரியவருகிறது. மலரும் நினைவுகளில் இந்த இரண்டாவது பாதியை நாம் பெரும்பாலும் வெட்டிவிடுவோம்.

நூல்முனை:

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் நேற்றிரவு பில் தனியாக வீட்டுக்கு வரும் காட்சியை மட்டும் மீண்டும் பார்த்தேன். அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். அவனே சாண்ட்விச்சைச் சுட்டு, ஒரு துண்டு கேக்கும் பாலும் எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, நகைச்சுவைக் கலைஞர் கேரி ஷான்ட்லிங்கைப் பார்த்து வாய் நிறையத் தீனியோடு சிரிக்கிறான். வசனம் இல்லை, ‘த ஹூ’ குழுவின் பாடல் ஒன்று ஓடுகிறது, அவ்வளவுதான். பள்ளியில் பில்லின் முகத்தில் இந்தச் சிரிப்பை நாம் பார்ப்பதே அரிது.

வீட்டுச் சாவியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வளர்ந்தவன் நான். மாலை நான்கு மணிக்குப் பூட்டைத் திறந்து, மூடிவைத்த தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே பார்த்த நிகழ்ச்சிகளின் பெயர்கள் இன்று நினைவில் இல்லை. ஆனால் அந்த வீட்டின் அமைதி அப்படியே நினைவிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் திரும்பிப் போகலாம் என்றால் போவேன். ஆகவே முதல் பதிவில் நான் எழுதிய ‘ஒரு நாள்கூட’ என்பதை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

பழைய ஆன்டெனா:

அப்படியானால் நீல் கதவு தேடும் பகுதியையும் மறுபடி பாருங்கள். தங்கள் வீட்டுக்குப் பொருந்தாத, கார் நிறுத்தும் கராஜின் கதவைத் திறக்கும் ரிமோட் ஒன்று அப்பாவின் காரில் கிடைக்க, அது எந்த வீட்டைத் திறக்கும் என்று சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் அழுத்திப் பார்க்கிறான். திறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் அழுத்துகிறான். கடைசியில் ஒரு கதவு மேலே எழும்புகிறது. உள்ளே அப்பாவின் கார் நிற்கிறது.