பாட்டி வீட்டுப் பின்கட்டு

பெரியப்பா: ஞாயிறு அம்மாவின் முதல் வருஷத் திதி. 10 மணிக்குள் எல்லோரும் சிந்தாதிரிப்பேட்டை வந்துவிடுங்கள். 60 இலை சொல்லியிருக்கிறேன்.

ராஜி அத்தை: செல்விக்குச் சொல்லியாச்சா அண்ணா?

பெரியப்பா: எந்தச் செல்வி?

ராஜி அத்தை: அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டி விட்டவள்.

கார்த்தி: அவங்க இப்போ வீட்டில் இல்லை அத்தை. நேற்று எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் பார்த்தேன். நடைபாதையில் தார்ப்பாய் கட்டி மூன்று பேரும் இருக்கிறார்கள். வாடகை பாக்கியாம், வீட்டுக்காரர் பூட்டிவிட்டார்.

சித்தி: பிள்ளைகளுமா?

மதுரை அத்தை: புருஷன் போய் ஆறு மாசம்கூட ஆகலையே 😢

துபாய் அண்ணன்: பெரும்பாக்கத்தில் அரசாங்க வீடு தருகிறார்களே

ராஜி அத்தை: அது கூவம் ஓரத்தில் குடிசை இடிபட்டவர்களுக்கு. இவள் வாடகைக்கு இருந்தவள்டா.

மதுரை அத்தை: ஐயருக்குத் தட்சணை யார் கொடுப்பது?

பெரியப்பா: நான்.

கார்த்தி: பாப்பா ஸ்கூலுக்குப் போகிறாள். பையன் போகவில்லை. செல்வி அக்கா வேலைக்குப் போனால் சாமானுக்கு அவன்தான் காவல்.

சித்தி: எட்டாவது படிக்கிறான் இல்லையா

அம்பத்தூர் சித்தப்பா: எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். மாநகராட்சியின் இரவுக் காப்பகங்கள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்றுதான் பெரும்பாலும் இருக்கின்றன. தாயும் 13 வயதுப் பையனும் சேர்ந்து தங்க இடம் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் நடைபாதையில் குடும்பம் குடும்பமாகப் படுக்கிறார்கள். பாப்பா இரண்டாவது, காலை உணவுத் திட்டத்தில் வந்துவிடுவாள். அது ஐந்தாம் வகுப்பு வரைதான். பையனுக்கு மதியச் சாப்பாடு மட்டும், அதுவும் பள்ளிக்குப் போனால்தான். வேறு பள்ளியில் சேர்ப்பதானாலும் டி.சி. வர தாமதம் என்று நிறுத்திவைக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது வருஷத்தின் நடுவிலும் சேர்த்திருக்கிறேன்.

மதுரை அத்தை: 🙏

துபாய் அண்ணன்: குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணலாமே

கார்த்தி: சொன்னேன். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து அழுகிறார்கள்.

அம்பத்தூர் சித்தப்பா: இல்லம் என்பது கடைசி வழிதான் என்று 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. இன்னொன்று. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் கணவனை இழந்தவளின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. நகரத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு எங்கே?

கார்த்தி: பூட்டின வீட்டுக்குள்ளே.

ராஜி அத்தை: பாக்கி எவ்வளவு?

கார்த்தி: 15,000.

துபாய் அண்ணன்: நான் 5,000 அனுப்புகிறேன்

அம்பத்தூர் சித்தப்பா: பாக்கியைக் கட்டினால் சாமானும் கார்டும் வெளியே வரும். ஆனால் அடுத்த மாத வாடகை? தலைக்கு மேல் ஒரு கூரை இல்லாமல் எந்த மனுவும் நகராது, விசாரணைக்கு வருகிறவர் எங்கே போய்ப் பார்ப்பார்? அண்ணா, அம்மா வீட்டுப் பின்கட்டு அறை சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது?

பெரியப்பா: பாகம் பிரியாத வீடு. ஆளை வைத்தால் யார் காலி பண்ணுவது? சின்னவன் காலத்தில் பட்டது போதாதா?

ராஜி அத்தை: பாகம் பிரியாதது யாரால்?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மதுரை அத்தை: திதி நேரத்தில் சண்டை வேண்டாம். வடை போடுகிறார்களா?

சித்தி: மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது நம்மில் ஒருவர்கூட ராத்திரி தங்கவில்லை. செல்விதான் சின்னப் பிள்ளையோடு தங்கினாள். அந்த அறையில்தான் தங்கினாள்.

துபாய் அண்ணன்: ஆறு மாசத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் பெரியப்பா

பெரியப்பா: கரண்ட் கட் ஆகியிருக்கு. பில் கட்டவில்லை.

கார்த்தி: பில் நான் கட்டிவிடுகிறேன்.

பெரியப்பா: ஞாயிறு எல்லோரும் வருகிறோமே, நேரில் பேசுவோம்.

ராஜி அத்தை: ஞாயிறுவரை அந்தப் பெண் குழந்தை தெருவிலா? ராத்திரி அங்கே என்னென்ன நடக்கும் என்று தெரியாதா? நாளைக்கே வருகிறேன். சாவி யாரிடம்?

சித்தி: வாசல் சாவி என்னிடம். பின்கட்டுச் சாவி பெரியவரிடம்.

அம்பத்தூர் சித்தப்பா: பையனின் பழைய மார்க் ஷீட் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு கார்த்தி.

கார்த்தி: சரி சித்தப்பா

மதுரை அத்தை: 60 இலை போதுமா?

பெரியப்பா: 65 சொல்கிறேன். ராஜி, சாவி விஷயமாக ராத்திரி போன் பண்ணுகிறேன்.